செவ்வரளி வந்த பங்குனி

என் வீட்டுக்காரர் உடம்பை நான் கடைசியாக ஒருமுறை தொடக்கூட இல்லை. பிளாஸ்டிக்கில் சுற்றி, ஆஸ்பத்திரி ஆட்களே கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். வாய்க்கரிசி போடவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அழவில்லை. அந்தத் துக்கம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் மாரியாத்தா எனக்குச் செய்ததை அவளை நம்புகிறவர்களிடம் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது.

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். கொஞ்சம் நிலம், கொஞ்சம் ஆடு. ஒரே மகள் செல்வி. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். கல்யாணமாகி அருப்புக்கோட்டையில் இருக்கிறாள். அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டுப் போட்டுக் கொடுக்கும் வேலை.

கொரோனா இரண்டாவது தடவை பரவத் தொடங்கிய பங்குனி அது. ஊரெல்லாம் ஊசிப் பேச்சுதான். டீக்கடையில் ஒரு கட்சி, குழாயடியில் ஒரு கட்சி. என் கொழுந்தன் பந்தல்குடியில் லாரி ஓட்டுகிறவர். வாய் கொஞ்சம் நீளம்.

"எங்க ஆபீஸ்ல ஊசி போட்ட ஆளுக்கே வந்துருச்சுண்ணே. பெறகு என்ன எழவுக்கு ஊசி?" என்பார்.

"வந்தாலும் உசுருக்கு மோசமில்லைன்னு டிவியில சொல்றாகளேடா" என்பார் என் வீட்டுக்காரர்.

"நாளைக்கு ஒண்ணுன்னா டிவிக்காரனா வந்து ஒன்னயப் பாப்பான்?"

பெண்களுக்குள் வேறு பேச்சு. ஊசி போட்டால் வயிற்றில் பிள்ளை தங்காதாம். செல்வியின் மாமியார் அதை நம்பி, மருமகள் போடவே கூடாது என்று சொல்லிவிட்டார். நானும் தலையை ஆட்டினேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஊசி முகாம் என்று தண்டோரா போட்டார்கள். இவருக்கு இரண்டு மனசு. எங்கள் பக்கம் இப்படி ஒரு முடிவுக்கு வர முடியாவிட்டால் அம்மனிடம் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அவள் காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. திருவிழாவுக்கு வந்திருந்த செல்வியைக் கூப்பிட்டு, "நீ எடு தாயி" என்றார். அவள் தயங்கித் தயங்கி எடுத்தாள். பிரித்தால் செவ்வரளி.

"ஆத்தா வேணாங்கிறா" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் முகாமுக்கு நாங்கள் போகவில்லை.

மாரியம்மன் பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுத்தார். அடுத்து வந்தது காய்ச்சல். சட்டி எடுத்த சூடு என்று நினைத்தோம். பிறகு அம்மையாக இருக்கும் என்று வாசலில் வேப்பிலை செருகி, கூழும் இளநீரும் கொடுத்தோம். ஆத்தா இறங்கிய வீட்டில் ஆஸ்பத்திரி என்ற பேச்சையே எடுக்க மாட்டோம். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் வண்டி பிடித்தோம். செல்வி ஓடிவந்து கூடவே இருந்தாள். கொரோனா என்றார்கள். அவர் பிழைக்கவில்லை.

அவர் போன துக்கத்தில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருந்தபோது செல்விக்குக் காய்ச்சல் அடித்தது. வீசிங் உள்ள பிள்ளை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று முந்தானையை விரித்தேன். "ஆத்தா, புருசனை எடுத்துக்கிட்ட. எம்புள்ளைய மடிப்பிச்சையாக் குடு. வார வருசம் தீச்சட்டிய நான் எடுக்கேன்."

உள்ளே டாக்டர், "ஊசி போட்டிருக்கா?" என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா" என்றேன் நான்.

"ரெண்டும் போட்டுட்டேன் சார். வேலை பாக்குற எடத்துல எல்லாருக்கும் போட்டாக" என்றாள் செல்வி, என் முகத்தைப் பார்க்காமல். மாமியாருக்குப் பயந்து எங்களிடமும் மறைத்திருக்கிறாள்.

"ஊசி போட்டாலும் வரும்மா. ஆனா பெரும்பாலும் ரொம்ப முத்தாது. பாப்போம்" என்றார் டாக்டர். முத்தவில்லை. என் மகள் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தாள்.

"எளவட்டம், அதான் பொழைச்சுக்கிருச்சு" என்றார் கொழுந்தன். இருக்கலாம். ஆனால் மழைக்காலம் வந்தாலே மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான்.

செல்விதான் அழுது தீர்த்தாள். "நாந்தானம்மா அந்தப் பொட்டலத்தை எடுத்தேன். போட்டிருக்கேன்னு அப்பவே சொல்லியிருந்தா அப்பாவும் போட்டிருப்பாக."

"நீ எடுத்தது பூவைத்தான்டி" என்று கட்டிக்கொண்டேன்.

நான் முந்தானை விரிக்கும் முன்பே என் பிச்சையை ஆத்தா அந்த ஊசியில் கொடுத்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அடுத்த பங்குனியில் நான் தீச்சட்டி எடுத்தபோது செல்வி நிறைமாத வயிற்றோடு நின்றாள். கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவள் மாமியார். இப்போது எந்த ஊசி முகாம் வந்தாலும் நான்தான் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிறேன். பொட்டலத்தில் வந்தது பூதான், ஆத்தா வாக்கு இல்லை என்று பூக்கட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஒரு கோபம் மட்டும் ரொம்ப நாள் இருந்தது. மகளுக்குக் கொடுத்தவள் அவருக்கு ஏன் கொடுக்கவில்லை? ஒரு வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டு அதையே கேட்டு அழுதேன். அப்போதுதான் அந்த முகாம் நாள் ஞாபகம் வந்தது. ஊசிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நர்ஸம்மா பள்ளிக்கூட வாசலில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்றாலே தெரியும் தூரம்.

ஆத்தாவை நம்புங்கள். அவள் யார் கையில் கொடுத்து அனுப்பினாலும் எழுந்துபோய் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கும் அவள் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தாள். நாங்கள்தான் போகவில்லை.