ஓரகத்தியின் போனில் ஓடிய படம்

என் ஓரகத்தி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் சிரித்தால் இந்தப் பக்கம் கேட்கும். பிளஸ் ஒன் படிக்கிற என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையை எங்கள் வீட்டில் போடுவாள். சிரிப்பதெல்லாம் அந்த வீட்டில்.

ஓரகத்தி என்னைவிடப் பத்து வயது சின்னவள். கம்பெனி வேனில் வேலைக்குப் போய் வருகிறவள். அவளுக்கும் என் மகளுக்கும் கொரியா நாட்டுப் பாட்டுக் குழு ஒன்றின் மேல் பைத்தியம். அதோடு ஒரு சிரிப்புப் படம் வேறு. தங்களுக்குப் பிடித்த பாட்டுக் குழுவைப் பார்த்தே தீருவோம் என்று நான்கு பள்ளிப் பெண்கள் ஊர் ஊராகத் துரத்துகிற கதை. ஓரகத்தியின் போனில் அதை எத்தனை தடவை பார்த்தார்களோ. என் போனிலும் படம் ஓடும். "உன் போன்ல படம் வராம சுத்திக்கினே கீதும்மா" என்பாள் மகள்.

ஒருநாள் வேர்க்கடலை வேகவைத்து எடுத்துக்கொண்டு போனேன். கடலை கொடுக்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"வா அக்கா, உக்காரு" என்றாள் ஓரகத்தி.

எனக்கு யார் வீட்டிலும் சட்டென்று உட்கார வராது. வாசற்படியில் நின்றே பார்த்தேன். படத்தில் ஒரு பெண்ணின் அம்மா கையில் செருப்போடு பஸ் நிலையத்தில் மகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, அப்டியே எங்கம்மா!"

இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நான் அவளைச் செருப்பால் அடித்ததே இல்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பெற்றவள் நான், சாய்வதற்கு அவள் தோளா என்று அன்று முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் அந்தக் குழுவின் கச்சேரிப் படத்தைக் காஞ்சிபுரம் தியேட்டரில் ஒரேயொரு நாள் போடுகிறார்கள், சித்தி கூட்டிக்கொண்டு போகிறாள் என்று மகள் வந்து நின்றாள்.

"அப்பா வேணான்னுட்டாரு" என்றேன். அவர் காதுக்கே விஷயம் போயிருக்கவில்லை.

சாப்பிடும்போது அவரிடமே கேட்டுவிட்டாள். "நா எப்பம்மா வேணான்னேன்?" என்று அவர் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

மகள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உனக்கு வரணும்னா வரேன்னு சொல்லேம்மா. அப்பாவ எதுக்கு இஸ்க்கற?"

"எனக்கின்னா வேல அங்க?"

சுவருக்கு அந்தப் பக்கம் இதுவும் கேட்டிருக்க வேண்டும். ஞாயிறு காலை ஓரகத்தி வந்தாள். "மூணு டிக்கெட்டு போட்டுக்கீறேன் அக்கா. பொடவ மாத்திக்கினு வா."

அவள் தயவில் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களைத் தனியாக அனுப்புவது அதைவிடப் பிடிக்கவில்லை. கிளம்பினேன்.

பஸ்ஸில் அவர்கள் இருவரும் யோசிக்காமல் சேர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அவர்களுக்கு முன்சீட்டில், முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. முதுகுக்குப் பின்னால் சிரிப்பு கேட்டுக்கொண்டே வந்தது. மாகறல் தாண்டியதும் திரும்பி, அந்தப் பாடகர்களில் யார் யாரென்று மகளிடம் கேட்டேன். ஆச்சரியமாகப் பார்த்தாள். போனை என் பக்கம் நீட்டி, "இவன்தாம்மா..." என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, அவன் டான்சு நல்லா ஆடுவான். பாடறவன் யாருன்னா..." என்று ஓரகத்தி குறுக்கே புகுந்தாள்.

"நீ சும்மா இரு. அவ சொல்லட்டும்!"

அவ்வளவு சத்தம் எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது. கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஓரகத்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் போனை இன்னும் கிட்டே நீட்டி, முதல் பையனிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.