மைனஸ் மூன்றிலிருந்து ஒன்பதுக்கு

சகோதரிகளே, என்னை ஏமாற்றியவர் அந்நியர் இல்லை. என் பெரியம்மா மகள் ரம்லா இத்தா. ஒரே தட்டில் சோறு தின்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

போன வருடம் இருவரும் பெரியவர்களுக்கான பத்தாம் வகுப்பில் சேர்ந்தோம். கொச்சங்காடியில் எங்கள் தெரு அங்கன்வாடிக்கு ஓர் உதவியாளர் எடுக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. பத்து பாஸாக வேண்டும். எனக்குக் கணக்கு வராது, அதிலும் எண்கோடு. பாடமெல்லாம் மலையாளம், இத்தாதான் தமிழில் சொல்லித் தருவார். மைனஸ் மூன்றில் ஒரு புள்ளி, ஒன்பதில் ஒரு புள்ளி. இடையில் எவ்வளவு தூரம்? ஒன்பதில் மூன்றைக் கழி, ஆறு என்றார். நம்பினேன். எல்லாக் கணக்கையும் அப்படியே போட்டுப் பழகினேன்.

மாதிரித் தேர்வில் அந்தக் கணக்குகளில் ஒன்றுகூடச் சரியில்லை. டீச்சர் என்னிடம் இத்தாவின் விடைத்தாளைக் கொடுத்து, இதைப் பார்த்துப் படி என்றார். அதே கணக்கு. அதில் பன்னிரண்டு என்று இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன். இத்தா முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"ஒரு வேலதானடி உண்டு, சபூரா. நீயும் பாஸானா எனக்கு எந்தா மிச்சம்?"

படிப்பை விட்டுவிடலாம் என்றிருந்தது. மறுநாள் விடியற்காலை பஜ்ரு தொழுகையில், சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தபடியே அழுதேன். யா அல்லாஹ், மனிதர்கள் மறைத்ததை நீ எனக்கு விளக்கிக் கொடு என்று கேட்டேன்.

பிறகு துணி காயப்போடப் போனேன். ஏனோ கொடிக்கயிற்றில் ஒரு கிளிப்பை மாட்டி, இது பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டேன். இடப்பக்கம் மூன்று சாண், வலப்பக்கம் ஒன்பது சாண். முழுதும் அளந்தேன். பன்னிரண்டு. பூஜ்யத்தைத் தாண்டிப் போகிறோம். அதனால் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். ஈரத்துணியோடு நின்று அழுதேன். அதன்பின் தினமும் அந்தக் கயிற்றில்தான் படித்தேன்.

தேர்வில் வந்த கேள்வி இது: A மைனஸ் இரண்டில், B ஏழில். A-யிலிருந்து உள்ள தூரம் B-யிலிருந்து உள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்காகும் புள்ளிகள் எவை? புள்ளியை x என்று வைத்து இடையில் தேடினேன். நான்கு. ஆனால் 'புள்ளிகள்' என்றல்லவா கேட்டிருக்கிறார்கள்? B-யைத் தாண்டி வெளியேயும் போட்டுப் பார்த்தேன். பதினாறு வந்தது. பிஸ்மி சொல்லி இரண்டையும் எழுதினேன்.

அல்ஹம்துலில்லாஹ், பாஸானேன். இத்தாவும் பாஸானார். வேலை அவருக்குத்தான் கிடைத்தது. என் சின்ன மகளைத் தினமும் அங்கன்வாடியில் அவரிடம்தான் விட்டு வருகிறேன். சலாம் சொல்கிறார், பதில் சொல்கிறேன். நெஞ்சு இன்னும் ஆறவில்லை.

ஆனாலும் நான் இன்று ப்ளஸ் ஒன் படிக்கிறேன், கணக்கையே பாடமாக எடுத்து. நம்பியவர் கைவிட்டால், சகோதரிகளே, அந்த இடத்திலேயே நெற்றியை வையுங்கள். நான் அல்லாஹ்விடம் விளக்கத்தைக் கேட்டேன். யார் கையையும் எதிர்பார்க்க வைக்காமல் அவன் தந்தான்.