மனுவேல் கையை மோந்து பார்த்தவள்

ஏற்காட்டுக்கும் அடிவாரத்துக்கும் நடுவே ஜீப் ஓட்டுகிற மனுவேலுக்கு இந்த உலகத்தில் இரண்டின் மேல்தான் அசைக்க முடியாத விசுவாசம். ஒன்று வேளாங்கண்ணி மாதா. இன்னொன்று பரோட்டா. மாதாவை ஞாயிற்றுக்கிழமைகளில் நினைப்பார். பரோட்டாவை நினைக்க அவருக்குக் கிழமை தேவைப்பட்டதில்லை.

காலையில் பஜார் பேக்கரியில் ஒரு முட்டை பப்ஸ். கொஞ்சம் பொழுது ஏறியதும் டீயில் முக்கி இரண்டு வர்க்கி பிஸ்கட். சவாரி கீழே இறங்கினால் அடிவாரத்தில் முருகன் கடைப் பரோட்டா. முருகன் மாவை வீசி அடிக்கிற சத்தம் கடைசி வளைவிலேயே தனக்குக் கேட்டுவிடும் என்று பயணிகளிடம் சொல்வார். கேட்காது. அந்த ஜீப் போடுகிற சத்தத்தில் பக்கத்து சீட்டுக்காரர் கத்தினாலே கேட்காது. ஆனால் மலைப்பாதையில் ஸ்டியரிங் பிடித்திருக்கிறவரோடு யார் வாதாடுவார்கள்?

இப்படிப்பட்ட மனுஷனுக்குத்தானா அந்த நோய் வர வேண்டும்? ஐம்பது வயதைத் தாண்டியதும் வயிறு உப்பியது, வலித்தது, நினைத்த நேரத்தில் வண்டியை ஓரம்கட்டவும் வைத்தது. ஆள் இளைத்து, பேண்ட் இடுப்பில் நிற்க மாட்டேன் என்றது. சேலத்து டாக்டர் ரத்தம் எடுத்தார். வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலையும் எட்டிப் பார்த்தார். சீலியாக் என்று பெயர் சொன்னார். கோதுமையில் இருக்கிற பசைச்சத்து இவர் குடலுக்கு ஆகாது, துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகும், ஆயுசுக்கும் அதைத் தொடக் கூடாது, வேறு மருந்து இல்லை என்றார்.

சப்பாத்தி கூடாது என்றபோது மனுவேல் சந்தோஷமாகத் தலையாட்டினார். ரவா உப்புமா கூடாது என்றபோது டாக்டர் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது. சேமியா போனால் போகட்டும். அப்புறம்தான் டாக்டர், மைதாவும் கோதுமைதான் என்று சொன்னார். மனுவேல் நம்பவில்லை.

“அது வெள்ளையால்ல இருக்குதுங்க,” என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அமலி அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அதோடு வழக்கு முடிந்தது.

அமலியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவள் ஒரு பெண்கள் பள்ளி விடுதியில் மேட்ரன். வீட்டிலிருந்து வந்த முறுக்கையும் மிக்சரையும் போர்வைக்குள் ஒளித்துத் தின்கிற பிள்ளைகளைக் கையை மோந்து பார்த்தே பிடித்துவிடுவாள். எந்த ஊர் மிக்சர் என்றுகூடச் சொல்வாள் என்று பிள்ளைகளுக்குள் ஒரு பேச்சு. அந்த மூக்கு இப்போது வீட்டுப் பக்கம் திரும்பியது.

கோதுமை மாவு, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாம் அன்றைக்கே வீட்டை விட்டுப் போயின. அதோடு விடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேர் கேட்க, “அவுரு திங்காதத நானும் திங்க மாட்டேனுங்க,” என்று அறிவித்தாள். பெண்கள் உருகிப் போனார்கள். மனுவேலுக்குப் பயமாக இருந்தது. தியாகம் செய்கிற பெண்டாட்டியை ஏமாற்றினால் ஊரே சும்மா விடாது என்று அவருக்குத் தெரியும்.

ஊர் ஏற்கெனவே அவள் பக்கம் சேர்ந்திருந்தது. பேக்கரிக்காரர் இவர் தலையைக் கண்டதும் பப்ஸ் இருக்கிற கண்ணாடிப் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றார். முருகன், கல்லுக்குப் பக்கத்து பெஞ்சில் இவரை உட்கார விடாமல் இட்லித் தட்டைக் கொடுத்து வெளியே அனுப்பினான். சிறுவயதில் கேழ்வரகுக் களிக்குப் பயந்தே ஊரை விட்டு ஓடி ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டவர் மனுவேல். தலைச்சோலை கிராமத்திலிருந்து ஏறுகிறவர்கள் எல்லாம் இப்போது அவரிடம் களியின் மகிமையைப் பேசினார்கள். பட்டணத்துக்காரன் காசு கொட்டிக் கொடுத்துக் கேழ்வரகு தின்கிறானாம். தின்னட்டும், எனக்கென்ன என்று கியரை மாற்றினார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஷெர்லின், கோதுமை இல்லாத பிஸ்கட் என்று கூரியரில் அனுப்பினாள். அதைத் தின்ற பிறகு அட்டைப்பெட்டியையும் கடித்துப் பார்த்தார். பெட்டி தேவலாம் போல இருந்ததாம். அமலியும் யூடியூபைப் பார்த்துக் கேழ்வரகில் பரோட்டா போட்டாள். ஒன்றை எடுத்து ஜீப்பில் வைத்துக்கொண்டார் மனுவேல். மேட்டில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஆகும் என்றார். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறே இல்லை.

ஆனாலும் அவர் தொடவில்லை. இதை ஊர் அறிய எழுதி வைக்கலாம். டிசம்பர் பனியில் ஊரெல்லாம் கேக் வாசனை அடித்தபோதும் தொடவில்லை. பங்குச் சாமியார்கூட, நற்கருணை அப்பத்திலும் கோதுமை இருக்கிறதே என்று யோசித்து, இவருக்கு மட்டும் கிண்ணத்திலிருந்து திராட்சை ரசம் கொடுக்க ஏற்பாடு செய்தார். அதற்கப்புறம் பங்கில் இன்னும் சில ஆண்களுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாமல் போனது. சாமியார் டாக்டர் சீட்டுக் கேட்டதும் அவர்கள் குணமாகிவிட்டார்கள்.

இவ்வளவு செய்தும் வயிறு அடங்கவில்லை என்பதுதான் கொடுமை. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் உப்பும், பிசையும். அமலிக்குத் தெரிந்த வயிற்று வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். பெருங்காயம். வாயுவுக்கு அதை மிஞ்சி ஒன்று உண்டா? ரசத்தில் ஒரு சிட்டிகை போட்ட இடத்தில் மூன்று போட்டாள். சாம்பாரில் போட்டாள். பொரியலில் தூவினாள். வலிக்கிறது என்று அவர் வாயைத் திறந்தால் மோரில் கலக்கிக் குடிக்க வைத்தாள். அவர்கள் வீட்டு ரசம் கொதித்தால் மூன்றாம் வீட்டில் தெரியும்.

மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தார். ரத்தத்தில் நோயின் அளவு குறையவே இல்லை. “எங்கேயோ சாப்பிடறீங்க,” என்றார், அமலியை வைத்துக்கொண்டே.

  திரும்பி வரும் வழியில் பாதி மலையில்தான் அமலி வாய் திறந்தாள்.

“தின்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. மன்னிச்சுப்போடறேன்.”

“தின்னுலியே அமலி.”

“அப்ப டாக்டருக்குக் கிறுக்குங்களா?”

“மாதா மேல ஆணையா தின்னுல.”

“மாதாவ எதுக்குங்க இழுக்கறீங்க?”

அன்றையிலிருந்து அவர் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, வலது கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். டீசல் வாசனைதான் வந்தது. அப்படியும் விடாமல், சோப்புப் போட்டுக் கழுவியிருப்பீர்கள் என்றாள். முருகன் சத்தியம் பண்ணிப் பார்த்தான். கூட்டாளிக்காகப் பொய் சொல்கிறான் என்று அவனையும் தள்ளுபடி செய்தாள். மனுவேலுக்கு வயிற்றுவலியைக்கூடத் தாங்க முடிந்தது. இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் விடுதிப் பிள்ளையைப் போலத் தன் கையை மோந்து பார்ப்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஜீப்பில் தனியாக இருக்கும்போது சில தடவை அழுதுகூட இருக்கிறார். தின்னாமலே கள்ளன் பட்டம் கட்டிக்கொள்வதற்கு, பேசாமல் தின்றே தொலைத்திருக்கலாம் என்று தோன்றியது. அப்போதும் தின்னவில்லை.

அந்தச் சமயத்தில் சேலத்தில் இருக்கிற அமலியின் அக்கா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். அமலி லீவு போட்டுவிட்டு அக்காவைப் பார்த்துக்கொள்ளக் கீழே போனாள். போகும்போது பேக்கரிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

மனுவேல் தானே சமைத்துச் சாப்பிட்டார். சமையல் என்று அதைச் சொல்வது பெருந்தன்மை. சோறு வடிப்பார். பருப்பை வேக வைத்து, தக்காளியும் மிளகாயும் கிள்ளிப் போட்டு, உப்புப் போட்டு இறக்குவார். கூட ஒரு முட்டை, கொஞ்சம் தயிர். வாயில் வைக்க விளங்காது. ஆனால் வயிறு சத்தம் போடாமல் கிடந்தது. நாள் போகப் போக முகத்தில் களை வந்தது, பேண்ட்டும் இடுப்பில் நின்றது.

அக்கா நடக்கத் தொடங்கியதும் அமலி திரும்பி வந்தாள். தெளிந்த முகத்தோடு நின்ற புருஷனைப் பார்த்து அவளே ஆச்சரியப்பட்டாள். பாவம் மனுஷன், நாக்குச் செத்துப் போயிருக்கும் என்று, மணக்க மணக்க ரசமும் சாம்பாரும் வைத்துப் போட்டாள். அன்றைக்கே வயிறு பிசைந்தது. சுருண்டு படுத்திருந்தவர் யோசிக்காமல் ஒன்று சொல்லிவிட்டார்.

“நீ இல்லாதப்ப நொம்ப நல்லாத்தான் இருந்தேன்.”

 அமலி, கல்யாணமான நாளிலிருந்து தொடங்கி வரிசையாக எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்து, மூக்கைச் சிந்தி, எழுந்து நின்றாள்.

“எந்திரிங்க. நானில்லாதப்ப எப்படி ஆக்குனீங்களோ அப்படியே ஆக்கிக் காட்டுங்க. அதுல என்ன அமுதம் இருக்குதுன்னு பாக்கறேன்.”

மனுவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார். பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கிறவளைப் போல அமலி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதே அரிசி, அதே பருப்பு, அதே மிளகாய், அதே உப்பு. அவளுக்கு ஒரு குற்றமும் அகப்படவில்லை. பருப்பு கொதி வந்ததும் பழக்கத்தில் அவள் கை தானாக அலமாரிக்குப் போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்தது.

“அது நான் போடுலயே,” என்றார் மனுவேல்.

“போடுலீங்களா?”

“அது எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாதே.”

 அமலி அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கையில் டப்பாவோடு பஜாரில் மாதேஸ்வரனின் மளிகைக் கடைக்கு நடந்தாள். டப்பாவைக் கண்டதும் மாதேஸ்வரன் புதிதாக இரண்டை எடுத்து வைத்தார். வீட்டில் கல்யாண வேலை ஏதாவது நடக்கிறதா, இப்படி வாங்குகிறீர்களே என்று கேட்டார். இதில் என்ன இருக்கிறது என்று அமலி கேட்டாள்.

“வெறும் காயத்த வாயில வெக்க முடியுங்களா? மைதா மாவு கலந்துதான் போடறாங்க. அரிசி மாவு கலந்ததும் வருதுங்க, வேணுமின்னாச் சொல்லுங்க,” என்றார் அவர், அடுத்த ஆளுக்குச் சர்க்கரை நிறுத்துக்கொண்டே.

டாக்டருக்குப் போன் போட்டாள். அவரும் ஆமாம் என்றார். அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன் என்று அவரும் வருத்தப்பட்டார்.

வீட்டுக்கு வந்த அமலி அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாந்தானுங்க போட்டேன். வலிக்குது வலிக்குதுன்னு நீங்க சொல்லச் சொல்ல, கூடக் கூடப் போட்டேன்.”

மனுவேலுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்தார். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் அவருக்கும் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, இனிமேல் கையை மோந்து பார்க்காதே என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மாட்டேன் என்று அவள் தலையாட்டினாள். மறுநாள் பேக்கரியிலிருந்து அடிவாரம் வரைக்கும் ஒரு கடை விடாமல் இறங்கி, தான் நிரபராதி என்கிற செய்தியைச் சொல்லிவிட்டுப் போனார். பயணிகளுக்கு அன்றைக்கு ஊர் போய்ச் சேர நேரமாகிவிட்டது.

அடுத்த பரிசோதனையில் அளவு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. அரிசி மாவுப் பெருங்காயத்தில் ரசம் பழையபடி மூன்றாம் வீட்டுக்கு மணத்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் ஒரு நாள் அமலி அக்காவைப் பார்க்கச் சேலம் போய் வந்தாள். சாயங்காலம் அடிவாரத்தில் அவளை ஏற்றிக்கொள்ள மனுவேல் ஜீப்போடு போனார். முருகன் கடையைப் பார்க்கவே பிடிக்காதவளைப் போல, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தள்ளி நின்றிருந்தாள். வேறு சவாரி இல்லை. முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். மூன்றாவது வளைவு திரும்பும்போது, காற்று மாறி அடித்தபோது, மனுவேலுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வருஷமாக அதை நினைத்தே கிடக்கிற மூக்கு அல்லவா.

ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் வலது கையை எடுத்து மோந்து பார்த்தார். சோப்பு வாசனை. அதற்கு அடியில் சால்னா.

அமலி வெளியே பள்ளத்தாக்கைப் பார்த்தாள். 

“ரெண்டுதானுங்க,” என்றாள்.

“இன்னிக்கு மட்டுந்தானா?”

அமலி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். அக்கா கால் முறிந்து கிடந்த நாள்களில் தின்றதெல்லாம் அந்த முந்தானை நுனியில் இருந்தது. மனுவேலுக்கு இப்போது எதையும் கேட்க உரிமை உண்டு. கோயில் வாசல் சபதத்தைக் கேட்கலாம். வாசலில் தன்னை நிறுத்தி வைத்ததைக் கேட்கலாம். என்னென்னவோ நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாக்கு என்னவோ வேறொன்றைக் கேட்டது.

“எப்படி இருந்துச்சு?”

அமலி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை என்று தெரிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

“கல்லுல இருந்து எடுத்து அடுக்கி வெச்சு, ரெண்டு கையாலயும் பக்கத்துல ஒரு தட்டுத் தட்டுனானுங்க முருகன்.”

“தட்டுனதும்?”

“ஏடு ஏடாப் பிரிஞ்சுதுங்க. மேல மொறுமொறுன்னு, உள்ள மெத்துனு.”

“சால்னா மேல ஊத்துனியா, தொட்டுத் தின்னியா?”

“மேல ஊத்துனனுங்க. அடி ஏடு ஊறிப்போச்சு. மேல் ஏடு ஊறுல.”

“அதான் பதம்,” என்றார் மனுவேல், எச்சிலை விழுங்கிக்கொண்டே.

அவள் எதையும் விடாமல் சொன்னாள். வெங்காயம் எப்படி அரிந்திருந்தது, விரலில் எண்ணெய் எப்படி ஒட்டியது, கடைசித் துண்டால் இலையை எப்படி வழித்தாள் என்று எல்லாம் சொன்னாள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. மனுவேல் ஜீப்பை ஓரம் ஒதுக்கி, முன்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். வளைவுகள் இன்னும் நிறைய இருந்தன. வண்டியைச் சின்ன கியரிலேயே உருட்டினார்.

“செரி, ரெண்டாவதச் சொல்லு,” என்றார்.