பாலாடையில் எரிந்த மெழுகுவர்த்தி

எங்கள் வீட்டில் பொய் சொன்னால்கூட மன்னிப்பு உண்டு. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் கிடையாது. அப்பா தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தேய்ந்த சோப்புத் துண்டுகளைப் பிசைந்து புதுச் சோப்பு உருட்டுவார். எரிந்த தீக்குச்சியை எறியமாட்டார். ஒரு ஸ்டவ்விலிருந்து இன்னொன்றுக்கு நெருப்பு எடுக்க ஆகும். கஞ்சன் என்று யாராவது சிரித்தால் கோபப்படவும் மாட்டார். ஐந்து அப்பத்தில் ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்ட ஆண்டவரே மிச்சத்தைக் கூடை கூடையாகப் பொறுக்கி வைக்கச் சொன்னார், நாமெல்லாம் எந்த மூலைக்கு என்பார். வீணாக்குவது அவருக்கு வெறும் கெட்ட பழக்கம் அல்ல, பாவம். நானும் அதை அப்படியே நம்பினேன். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது, வீட்டுக்கு ஒரே பிள்ளை.

அம்மா பிறந்த வீடு ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் புராட்டஸ்டன்ட் சபைக்கு வந்துவிட்டாள். ஜெபமாலையைக்கூட விட்டுவிட்டாள். நவம்பர் இரண்டாம் தேதியை மட்டும் அவளால் விட முடியவில்லை. அன்று கல்லறைத் திருநாள். ஆர்.சி.க்காரர்கள் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், செத்தவர்களுக்குப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அந்த வருஷம் காலையிலேயே அம்மா மெழுகுவர்த்திக்குக் காசு கேட்டாள்.

“செத்தவங்களுக்கு எதுக்கு வெளிச்சம்? உக்காந்து புஸ்தகமா படிக்கப் போறாங்க?” என்றார் அப்பா. “காசைக் கரியாக்குறது பாவம்.”

“ஆண்டவர் பாதத்துல ஒருத்தி அவ்வளவு விலை உயர்ந்த தைலத்தை ஊத்தினாளே, அதுவும் பாவமா?”

அந்தத் தைலம் வீண் என்று முணுமுணுத்தவன், ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். அது அப்பாவுக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ குரல் உயர்ந்தது. “அது ஆண்டவருக்கு. இது மண்ணுக்கு!”

எனக்கு அப்பா பக்கம்தான் நியாயமாகப் பட்டது. அம்மாவைப் பெற்றவர்கள் திண்டுக்கல்லில் அடக்கமாகியிருந்தார்கள். தாம்பரத்தில் ஏற்றினால் அங்கே எப்படி வெளிச்சம் தெரியும்?

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா வீட்டில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கால் முழுக்கச் செம்மண்ணோடு வந்தாள். வந்த கையோடு ஒயர் கூடையைக் கொடுத்து, வெங்காயம் வாங்கிவர என்னைக் கடைக்கு அனுப்பினாள். கடை கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி இருந்தது.

நான் திரும்பும்போது இருட்ட ஆரம்பித்திருந்தது. மழைக்குப் பயந்து கூட்டம் கலைந்துவிட்டது. கேட் திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு ஆள்கூட இல்லை. நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகள் தாமாக எரிந்துகொண்டிருந்தன. ஆளில்லாத இடத்தில் அத்தனை விளக்கு! எனக்கு வயிறு எரிந்தது. கூடை கையில் இருக்கிறது. ஆண்டவர் சொன்ன வேலையும் எதிரிலேயே இருக்கிறது. உள்ளே போனேன்.

முதல் வரிசையைக் குஷியாகத்தான் ஊதி அணைத்தேன். துண்டுகளை வெங்காயத்தின் மேல் போட்டுக்கொண்டே வந்தேன். இரண்டாம் வரிசையில் ஒன்றைக் கவனித்தேன். காற்றே இல்லை. ஆனாலும் நான் குனிவதற்கு முன்பே அடுத்த கல்லறையின் சுடர் என் பக்கம் சாய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். நான் வந்த வழியெல்லாம் இருட்டாகியிருந்தது. அந்த இருட்டில் ஆட்கள் எழுந்து உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது. அப்போதே ஓடியிருக்க வேண்டும். பாதியில் விட்டால் மீதி வீணாகிவிடுமே என்று ஓடவில்லை. அப்பாவின் மகள் அல்லவா.

மதில் ஓரத்தில் முழ நீளத்துக்குச் சின்னச் சின்ன மண்மேடுகள். எதற்கும் பெயர் கிடையாது. ஒன்றில் மட்டும் விளக்கு எரிந்தது. குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடைக்குள் மெழுகுவர்த்தியை நிறுத்தியிருந்தார்கள். ஊதினேன். அணைந்தது. கையை நீட்டுவதற்குள் மறுபடி பற்றிக்கொண்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை விரலில் எச்சில் தொட்டுத் திரியை நசுக்கினேன். அப்போது காலடியில், மண்ணை ஒட்டி, ஒரு சத்தம் கேட்டது. பசித்த குழந்தை சப்புக்கொட்டுகிற சத்தம்.

தவளை என்று சொல்லிக்கொண்டேன். மெழுகு உருகி ஒட்டியிருந்ததால் பாலாடையோடு சேர்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு ஓட்டம் பிடித்தேன்.

நான் வீட்டுக்குள் நுழையவும் மழை கொட்டவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. அப்பா இருட்டில் தீப்பெட்டியைத் தடவினார். நான் கூடைக்குள் கைவிட்டேன். முதலில் அகப்பட்டது பாலாடைதான். மேஜைமேல் வைத்தேன். அப்பா பற்றவைத்தார்.

“ஏது இது?”

“கல்லறைத் தோட்டத்துல சும்மா எரிஞ்சுகிட்டு இருந்துச்சுப்பா. எல்லாத்தையும் அணைச்சு எடுத்துட்டு வந்துட்டேன்.”

பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அப்பா பாலாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மூக்கு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. சமையலறையிலிருந்து வந்த அம்மா அதைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அதை எதுக்குடி எடுத்தே? அது உங்க அண்ணனுது.”

“எனக்கு ஏதும்மா அண்ணன்?”

“உனக்கு முன்னாடி பொறந்தான். பதினோரு நாள் இருந்தான்.” பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். “மழையில, இருட்டுல கெடக்கான்.”

அப்போது மேஜைப் பக்கமிருந்து அந்தச் சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்டது. அம்மா சட்டென்று தலையைத் தூக்கினாள். அப்பாவும் திரும்பினார். எங்கள் வீட்டில் தவளை கிடையாது.

கரண்ட் வந்தது. கரண்ட் வந்த மறு நொடி மெழுகுவர்த்தி அணைய வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பயத்திலும் சட்டம் மறக்கவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு குனிந்தேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“எரியட்டும்.”

“ரெண்டு வெளிச்சம் வீணாகுதேப்பா.”

மழைத்தண்ணீர் உள்ளே வருமே என்று ஜன்னலைச் சாத்தப் போனேன்.

“சாத்தாதே. தெறந்தே இருக்கட்டும்” என்றார்.

சாரல் உள்ளே அடித்தது. அவர் திருத்த வைத்திருந்த பரீட்சைத் தாள்கள் நனைந்தன. அப்பா அவற்றை எடுத்து வைக்கவில்லை. யார் வருவதற்காக ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.