மாற்றாத இலக்கம்

போன் அடித்தால் பவுலின் "ஹலோ" சொல்வதில்லை. இடுப்பிலிருக்கும் குழந்தையைக் கூட வேலை பார்க்கும் அம்மாக்கண்ணுவிடம் கைமாற்றிவிட்டு, பிள்ளைக்காம்பராவுக்கு வெளியே, சிக்னல் கிடைக்கும் கொய்யா மரத்தடிக்கு வருவாள். பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா நிற்பாள். எதிர்முனைதான் முதலில் பேச வேண்டும். "பவுலின் அம்மாங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள். "நீங்க யாரு, அத மொதல்ல சொல்லுங்க."

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பால்மா கரைப்பது, ஏணை ஆட்டுவது, மூக்குத் துடைத்துவிடுவது. புருஷன் இல்லை. மகன் மைக்கல் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். மகள் ஜெனிதா ஹட்டனில் ஓர் ஏஜென்சி மூலம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஒரு நாள் யாருடைய போனிலிருந்தோ அவசரமாகப் பேசினாள். "வேற வீட்டுக்கு மாத்துறாங்கம்மா. எம் போனை மேடம் வாங்கி வெச்சிக்கிட்டாங்க. ஒங்க நம்பரு எனக்கு மனப்பாடம். அத மட்டும் மாத்திராதீங்க." அதற்குப் பிறகு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை.

பல மாதம் கழித்து ஒருவன் பேசினான். ஜெனிதா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், உயிருக்குப் பயமில்லை, ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்றான். மகளின் பிறந்த தேதி, பாஸ்போர்ட் இலக்கம், பவுலினுடைய அடையாள அட்டை, அதாவது ஐசி இலக்கம் எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் சொன்னான். "ஒங்க போனுக்கு ஒரு நம்பரு வரும், அத வாசிங்கம்மா." பவுலின் சந்தோஷத்தில் நாக்குக் குழற வாசித்தாள்.

ஏஜென்சியின் கம்பியூட்டரில் இருந்த விவரங்கள் மொத்தமும் திருட்டுப் போயிருப்பதாக வங்கியில் சொன்னார்கள். அவள் வாசித்துக் காட்டிய நம்பரை வைத்து அவள் கணக்கையும் துடைத்திருந்தார்கள். அதற்கு அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாக்கண்ணுவிடம் சொன்னாள்: "பாவி, அவ உசுரோட இருக்கான்னு சொன்னான் அக்கா. வீடு வந்து சேர்ற வரைக்கும் நம்பிக்கிட்டே வந்தேன்."

மைக்கல் அடுத்த பஸ்ஸில் வந்தான். சிம்மை மாற்றச் சொல்லிக் கெஞ்சினான், பிறகு சத்தம் போட்டான். பவுலின் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீ சொல்ற மத்ததெல்லாம் செய்யிறேன்டா. இது மட்டும் ஏலாது."

சொன்னபடி செய்தாள். வங்கியில் புதுக் கணக்குத் திறந்தாள். ஐசி நகல் கேட்ட கடைக்காரனிடம் ஏன், எதற்கு என்று நின்று கேட்டாள். போனில் பெயர் சொல்வதை விட்டாள். மகளைப் பற்றிப் பேச வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு கேள்வி வைத்திருந்தாள்: "அவ வளத்த கோழிக்கு என்னா பேரு?"

சின்ன வயதில் ஜெனிதா ஒரு கோழி வளர்த்தாள். அதற்கு ஒரு பெயர் வைத்தாள். அந்தப் பெயர் தாய்க்கும் மகளுக்கும் மட்டும் தெரியும், இங்கேயும் எழுதுவதற்கில்லை. "எழுதிக் குடுத்ததெல்லாம் எவன் கையிலயோ கெடக்கு. எழுதாதது இது ஒன்னுதான்" என்பாள். அப்படிப் போன்கள் பிறகும் வந்தன; கேள்வியைக் கேட்டதும் சிலர் திட்டினார்கள். ஒருவன், "கோழிக்கெல்லாம் யாரும்மா பேரு வைக்கிறா?" என்று சிரித்தே விட்டான். ஒரு முறை ஒரு பெண்ணை அழவிட்டும் பார்த்தார்கள். கேள்வி வந்ததும் அவள் அழுகை சட்டென்று நின்றது.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் மறுபடி ஒரு பெண் குரல். கொரகொரவென்ற இரைச்சலுக்கு நடுவில், "அம்மா…" என்ற அழுகை. பவுலின் கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டாள். இருந்தும் கேட்டாள்.

"கோழி பேரு என்னான்னு சொல்லும்மா."

"அம்மா, நாந்தாம்மா…"

"சொல்லும்மா. பேர மட்டும் சொல்லு."

அழுகை கேட்டது. பிறகு அதுவும் இல்லை. திரும்பப் போன் எடுத்துப் பார்த்தாள். அந்த இலக்கத்துக்குப் போகவில்லை. பொலிஸில் எழுதிக்கொண்டார்கள். இன்டர்நெட்டில் இருந்து வந்த போன் கோல், எங்கிருந்து என்று கண்டுபிடிக்க ஏலாது என்றார்கள்.

"அதுவும் கள்ளக் கூட்டந்தாம்மா" என்றான் மைக்கல். "ஜெனிதாவா இருந்தா டக்குன்னு சொல்லியிருப்பா."

பவுலின் தலையாட்டினாள். பிறகு, யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: "அழுவுற புள்ளகிட்ட கோழி பேரக் கேட்டேனே."

அதன் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தன் பக்கத்து விவரம் எதையும் கொடுப்பதும் இல்லை. போன வாரமும் ஒருவன் போன் எடுத்தான். மகளுக்கு விசா கிடைத்துவிட்டது, கணக்கு இலக்கம் வேண்டும் என்று என்னென்னவோ அளந்துகொண்டு போனான். பொய் என்று அவளுக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. வைத்துவிடவில்லை. அவன் குரலுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றியது, பலர் பேசினார்கள், எங்கோ தூரத்தில் ஒரு பெண் ஏதோ சொன்னாள். பவுலின் அந்தப் பெண் குரலுக்காகப் போனைக் காதோடு இறுக்கிக்கொண்டு, மற்றக் காதை உள்ளங்கையால் பொத்தி, கண்ணை மூடிக்கொண்டாள்.