உப்புப் பார்க்க ஒரு ஆள்

ஆறுமுகச்சாமி அண்ணாச்சிக்குப் பேச்சு வளர்க்கத் தெரியாது. குருவிகுளம் ரோட்டில் என் சைக்கிள் கடையைத் தாண்டித்தான் தினமும் போவார். நானாகக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனுஷன் எண்பத்தாறு சித்திரையில் ஒருநாள் காலையில் கையில் தம்ளரோடு வந்து நின்றார்.

“செல்லப்பா, இதைக் கொஞ்சம் வாயில வச்சுப் பாரு.”

“என்னது அண்ணாச்சி?”

“கோழிக்கு வைக்கிற தண்ணி.”

கடை திறந்ததும் கோழித் தண்ணீர் குடிக்க எனக்கென்ன தலையெழுத்தா? சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபின் வாயில் ஊற்றிக்கொண்டேன்.

கடைக்குப் பின்னால் இருந்த கறிக்கோழிப் பண்ணை, அவரும் அவர் சம்சாரம் பேச்சித்தாய் மதினியும் சேர்ந்து போட்டது. வெயில் ஏறினால் கறிக்கோழி தீவனத்தைத் தொடாது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். தண்ணீராய்க் குடித்துத் தண்ணீராய்க் கழியும். உடம்பிலிருக்கும் உப்பும் அதோடு போய்விடும். அதனால் தண்ணீரில் கொஞ்சம் உப்பும் ஆப்ப சோடாவும் கலந்து வைக்க வேண்டும். குறைந்தால் கோழி துவண்டு போகும், ஒன்றையொன்று கொத்தும். கூடினால் செத்தே விடும். ஒரே அளவாகப் போடலாமென்றால் எங்கள் ஊர்க் கிணறு விடாது. கோடையில் தண்ணீர் கீழே போகப் போக அதுவே கரிக்கத் தொடங்கும். மதினி அன்றன்றைக்கு நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் உப்புப் போடுவார்.

அந்த மதினி தை மாதம் போய்ச் சேர்ந்தார். கொஞ்ச நாளில், ரத்தக் கொதிப்பு என்று அண்ணாச்சிக்கு உப்பை நிறுத்திவிட்டார்கள். தானே கஞ்சி காய்ச்சி, உப்பில்லாமலே குடித்தார். நன்றாயில்லை என்று குறை சொல்லக்கூட வீட்டில் ஆள் கிடையாது. பாவமாகத்தான் இருந்தது.

சித்திரை வெயிலில் கோழிகள் ஒன்றன் வாலை ஒன்று கொத்தி ரத்தம் பார்த்தன. சில கோழிகள் கால்களை மடக்கிச் சாய்ந்தன. பண்ணையை மூடிவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி வாசுதேவநல்லூர் மகள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தக் கோழிகளும் போய்விட்டால் அவர் மறுக்க வழியில்லை. மதினி நடமாடிய இடத்தை விட்டுப் போக அவருக்கோ மனசில்லை.

கால்நடை டாக்டர் வந்தார். தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்து, “உப்பே காணுமே” என்றார்.

“நல்லாத்தானே கரிக்கி” என்று அண்ணாச்சி முறைத்தார்.

“நீங்க சாப்பாட்டுக்கு உப்பு சேர்க்கிறதில்லையோ?”

அதற்கு மேல்தான் அவருக்கு விளங்கியது. உப்பை விட்ட நாக்குக்கு ஒரு சிட்டிகையே பெரிதாகத் தெரிந்திருக்கிறது. வீட்டில் வேறு நாக்கு இல்லை. அதனால்தான் என்னிடம் வந்தார்.

“சப்புனு இருக்கு அண்ணாச்சி” என்றேன். போய்க் கலந்து, மறுபடி கொண்டுவந்தார்.

அதன்பிறகு தினமும் வந்தார். நான் வாயில் வைத்துச் சொல்லும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். பிறகு சொன்ன பின்னாலும் உட்கார்ந்திருந்தார். மதினிக்கு வெயிலில் நின்றால் மூக்கு சிவந்துவிடும் என்று ஒருநாள் சொன்னார். கோழிகள் தேறின. லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார். புதுக் குஞ்சு வர இன்னும் நாளிருந்தது.

மறுநாள் காலையிலும் தம்ளரோடு வந்தார். கொட்டகையில் ஒரு குஞ்சுகூட இல்லையென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாங்கி வாயில் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது.

“கொஞ்சம் கம்மி அண்ணாச்சி. நாளைக்குக் கூட்டிப் போட்டுக் கொண்டாங்க” என்றேன்.