ரத்த உறவுகளுக்குப் பகிரவும்

எங்கள் அம்மா இரண்டு முறை இறந்தாள். ஒரு முறை ஆஸ்பத்திரியில், இன்னொரு முறை மாமாவின் போனில்.

அக்காவை எங்கள் தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள். தாம்பரத்தில் ரயில் ஏறி மதுராந்தகத்தில் இறங்கி, அதற்கப்புறம் பஸ்ஸுக்குக் காத்திருந்து போகவேண்டிய கிராமம். போன வருஷம் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்ததும் ரத்தத்தைச் சோதித்தவர்கள், இது பரம்பரையாக வருகிற வகை, மரபணுவிலேயே கோளாறு இருக்கிறது என்றார்கள். அம்மா போனதும் சினைப்பையில் வந்த புற்றுநோயால்தான். ஊருக்கு மட்டும் 'வயித்துல கட்டி' என்று சொல்லியிருந்தோம். கட்டி என்றால் கட்டியோடு போய்விடும், கல்யாணச் சந்தை வரைக்கும் வராது.

இதையெல்லாம் குடும்பத்துக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல ஆலோசகர் வேண்டுமாம். கிராமம் கிராமமாக அனுப்ப ஆலோசகருக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு சாட்பாட்டை அனுப்பிவைத்தார்கள். "வணக்கம்! நான் உங்கள் மரபணுத் தோழி" என்று அது ஆரம்பித்தது. அந்த வீட்டில் ஸ்மார்ட்போன் மாமாவிடம் மட்டும்தான். ஆகவே அக்காவின் தோழி மாமாவோடு பேசினாள். அக்கா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

நானும் அங்கே இருந்தேன். பத்திரிகையில் நாலு பேர் சிரிக்க எழுதுகிறவன் என்பதால் எனக்குக் குடும்பத்தில் படித்தவன் என்ற பட்டம் உண்டு. தோழியின் கேள்விகளை மாமா உரக்கப் படித்தார்.

"உங்கள் மகளின் அப்பா வழியில், அத்தை யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?"

"என் பெரிய அக்காளுக்கு இருந்துச்சி." ஆம் என்று அழுத்தினார்.

"உங்கள் மகளின் அம்மா வழியில், பாட்டிக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். "அதுவும் அவதான்டா மாப்ள. இன்னா பண்றது?"

"ஆமான்னே அழுத்துங்க மாமா."

"நன்றி. இரண்டு உறவினர்களைப் பதிவு செய்துகொண்டேன்" என்றாள் தோழி. அம்மாவின் இரண்டாவது மரணம் அப்படித்தான் நிகழ்ந்தது. இதில் ஒரு கட்டுரை தேறும் என்ற சந்தோஷத்தில் நான் இன்னொரு காபி கேட்க எழுந்து போனேன்.

அதற்குள் தோழி கடைசி வேலையைச் சொல்லிவிட்டாள். 'உங்கள் ரத்த உறவினர்களுக்கும் இந்தக் கோளாறு இருக்கலாம். டெஸ்ட்டுக்குப் பதிவு செய்யும் லிங்க்குடன் அவர்களுக்கு இதைப் பகிரவும்.' மாமா சொன்னதைச் செய்கிற மனிதர். பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தெய்வக் குற்றம் என்று வருவதைப் பதினோரு பேருக்கு அனுப்புகிறவர். அக்காவின் வியாதியை அப்படியே குடும்பக் குரூப்பில் போட்டார். மூன்று பேர் கை கூப்பினார்கள். ஒருவர் பழக்க தோஷத்தில் 'இனிய காலை வணக்கம்' என்றார். சித்தி குரூப்பை விட்டு வெளியேறினாள்.

சித்தி என்றால் அம்மாவுக்குத் தங்கை, மாமாவுக்கு அக்கா. அவள் மகனுக்குத்தான் அக்காவின் மகளைப் பேசி, பூ வைத்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மறுநாள் சித்தியிடமிருந்து தகவல் வந்தது: ஜாதகத்தில் ஏதோ சரியில்லையாம். பூ வைத்தபோது எங்கேயோ போயிருந்த செவ்வாய் அன்றைக்குத்தான் திரும்பியிருக்க வேண்டும்.

"நான் அப்பவே செத்துத் தொலைஞ்சிருந்தா அவ கல்யாணம் நடந்திருக்கும்" என்று அக்கா போனில் அழுதாள். படித்தவன் ஏதாவது செய்ய வேண்டாமா? பள்ளிக்கரணைக்குப் போனேன். சித்தியின் தனி வீடு, கடைசித் தெருவில். வாசலில் நின்றால் எதிரே சதுப்பு நிலமும் கொக்குகளும்தான்.

"சித்தி, இது அம்மாகிட்டேருந்து வந்தது. நீங்க அம்மா கூடப் பொறந்தவங்க. உங்களுக்கும் இருக்கலாம். நீங்க முதல்ல டெஸ்ட் எடுக்கணும்."

"காபி சாப்புடுப்பா."

"சித்தி..."

"உங்க வீட்டு ரத்தத்துல அது இருக்குன்னு தெரிஞ்சும் பொண்ணு எடுக்கச் சொல்றியா?"

"அது நீங்க பொறந்த வீட்டு ரத்தம் சித்தி."

"என்னைக் கட்டிக் குடுத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. எனக்கும் அந்த வீட்டுக்கும் இனிமே என்ன இருக்கு?"

தாலி ஏறினால் பெண்ணின் இனிஷியல் மாறும், ரேஷன் கார்டு மாறும் என்று எனக்குத் தெரியும். ரத்தமும் மாறும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். காபி நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

அக்கா மகளுக்குப் பொத்தேரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. அவளும் நானும் ஒரே நாளில் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தோம். மாமாவையும் கூப்பிட்டோம், "ஆம்பளைக்கு இன்னாத்துக்குடா" என்று நழுவிவிட்டார். முடிவு வந்தது. எனக்கு இருக்கிறது, அவளுக்கு இல்லை. என் மனைவி காகிதத்தை வெகு நேரம் பார்த்தாள். "இதை நம்ம கல்யாணத்துக்கு முந்தி எங்க அப்பாகிட்ட காட்டியிருக்கணும்" என்றாள். பிறகு சமையலறைக்குள் போய், நான் கேட்காமலேயே எனக்குப் பிடித்த வற்றல்குழம்பு வைத்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா மகளையும் கூட்டிக்கொண்டு சேலையூருக்கு, என் வீட்டுக்கு வந்தார். வெகு நாளைக்குப் பிறகு முகத்தில் களை. "உனக்கு இல்லன்னு குரூப்ல போட்டுடலாம்மா. எப்படியும் உங்க அத்தை காதுக்குப் போயிடும். தையிலயே முடிச்சிடலாம்."

மகள் அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு இருந்திருந்தா வேணாம். இல்லன்னா வேணுமா? அப்படி ஒரு வீட்டுக்கு நான் எதுக்குப்பா போகணும்?"

"ஏம்மா, நல்ல சேதிதானே..."

"கெட்ட சேதியை அம்மாவைக் கேக்காம போட்டீங்க. நல்ல சேதியை என்னைக் கேக்காம போடாதீங்க."

இதற்குத் தோழி மாமாவுக்குப் பொத்தான் எதுவும் கொடுத்திருக்கவில்லை.

அப்போது என் போன் அடித்தது. சித்தி. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அந்த டெஸ்ட் லிங்க் இருக்குல்ல, அதை எனக்கு அனுப்புப்பா. எனக்கில்ல. எதிர் வீட்டம்மா கேட்டாங்க. பாவம், ரொம்ப நாளா அடிவயித்துல வலியாம்."

"சரி சித்தி" என்று வைத்தேன்.

"என்னவாம்?" என்றாள் அக்கா மகள்.

"எதிர் வீட்டம்மாவுக்கு லிங்க் வேணுமாம்."

அவள் அப்பாவின் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அத்தை வீட்டுக்கு எதிர்ல கொக்குதான் மாமா இருக்கு" என்றாள். அப்புறம், "சீக்கிரம் அனுப்புங்க" என்றாள்.